எலி தின்ற பிறப்புச் சான்றிதழ்

போன சனிக்கிழமை டெக்சாஸில், எங்கள் பிளானோ வீட்டுப் பரணில் எலிப்புழுக்கை கிடந்தது. மொத்தம் நான்கு. பூச்சி மருந்துக் கம்பெனிக்காரர் டார்ச் அடித்து அவற்றைக் காட்டிவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். நான் கீழே இறங்கி வருவதற்குள் என் மனைவி பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"இந்த வீட்ல இனிமே தூங்க முடியாது. ஹோட்டல் புக் பண்ணுங்க."

சென்னையில் பிறந்து வளர்ந்தவள், எலியைப் பார்க்காதவள் இல்லை. ஆனால் இத்தனை லட்சம் டாலர் வீட்டுக்குள் எலி வரும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு என்று உடனே தெரிந்தது. கம்பெனிக்காரர் பொறியில் பீனட் பட்டர் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனைதான் காரணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

பல வருஷத்துக்கு முந்தைய கதை, அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஹூஸ்டனில் எம்.எஸ். முடித்து வேலை கிடைக்காமல், விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். சில மொழிகள் தெரிந்தவர்களை அமெரிக்க ராணுவம் தேடுகிறது, சேர்ந்தால் சீக்கிரமே குடியுரிமை உண்டு என்று அறைத்தோழன் சொன்னான். பட்டியலில் தமிழும் இருந்தது. தமிழ் தெரியும் என்பதற்காக என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். பரீட்சை வைத்தார்கள், தேறினேன். பிறகு தமிழ் பேசுகிறவர் ஒருவர்கூட இல்லாத ஆப்கானிஸ்தான் மலை ஒன்றின் உச்சிக்கு அனுப்பி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

உச்சி என்றால் உயரமாக எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நாங்கள் இருந்தது பள்ளத்தில். மலையைத் தோண்டி, சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கி, மேலே பலகை பரப்பி, அதன்மேல் மண்ணைக் கொட்டியிருந்தார்கள். அதற்குள் எட்டுப் பேர். எட்டுப் பேர் என்பது ராணுவத்தின் கணக்கு. எலிகளை யாரும் எண்ணவில்லை.

சாப்பாட்டுப் பொட்டலங்களில் பீனட் பட்டர் இருக்கும். எலிகள் முதலில் அதைத்தான் பிரிக்கும், பிஸ்கட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். அந்த விஷயத்தில் எங்களுக்கும் அவற்றுக்கும் ரசனை ஒன்றுதான். படுத்தால் முகத்தின்மேல் ஓடும். பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டு பாட்டில் தண்ணீரில் குளியல். மற்ற நாட்களில் தெள்ளுப்பூச்சி கடித்த இடத்தைச் சொறிவதே பொழுதுபோக்கு. மழை பெய்தால் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். எலிகள் எங்களோடு கட்டிலுக்கு ஏறிவிடும், காலை நனைத்துக்கொள்ள அவற்றுக்கும் பிடிக்காது போலிருக்கிறது. ஒரு பூனை வளர்க்கலாம் என்று யாரோ சொன்னபோது சார்ஜென்ட் உத்தரவை வாசித்துக் காட்டினார். நோய் பரவும் என்பதால் முகாமில் பூனைக்குத் தடை. எலியைப் பற்றி உத்தரவில் ஒன்றுமில்லை.

என் பக்கத்துக் கட்டில் ரமோனுடையது. மெக்சிகோவில் பிறந்து, டெக்சாஸின் லரேடோவில் வளர்ந்தவன். அவனும் குடியுரிமைக்குக் காத்திருப்பவன்தான். தன் காகிதங்களைத் தோட்டா வரும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். நான் பையில் வைத்திருந்தேன். படித்தவன் இல்லையா?

ஈரோட்டில் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு எனக்கென்று இருந்தவள் அவள்தான். மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். டெக்சாஸில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வாரம் ஒருமுறை, ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் போன் கிடைக்கும். பின்னால் கேட்கும் ஜெனரேட்டர் சத்தத்தை ஏசி என்றேன். ஒருநாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிட்டது. பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்றேன். என்ன கட்டடம் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி என்றேன். பொய் சொல்லும்போதும் நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று ஓர் எண்ணம்.

குடியுரிமைக் காகிதங்களை வாங்க அதிகாரி வரப்போகிறார், அசல் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று தகவல் வந்தது. மத்தியானம் பையைத் திறந்தேன். உள்ளே கூடு. என் சான்றிதழ் நூல்நூலாகக் கிழிந்து மெத்தையாகியிருந்தது. அதன்மேல் கண் திறக்காத ஆறு குட்டிகள், ரோஸ் நிறத்தில். அப்பாவின் பெயரில் பாதி மட்டும் மிச்சம்.

ரமோன் எட்டிப் பார்த்துவிட்டு, நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தான். உன் பிறப்புச் சான்றிதழின் மேலேயே பிறந்திருக்கின்றன, உனக்கு முன்னால் இவற்றுக்குத்தான் குடியுரிமை கிடைக்கும் என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். குட்டிகளை மண்வெட்டியில் ஏந்தி மூட்டைகளுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தான்.

வேறு வழியில்லை, அக்காவுக்குப் போன் செய்தேன். மாநகராட்சியில் நகல் வாங்கி அனுப்பச் சொன்னேன். அசல் என்னாச்சு என்றாள். எலி கடித்துவிட்டது என்றேன்.

"எலியா? அமெரிக்கால உங்க ஆபீசுலயா?"

எத்தனையோ பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பொய் வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"நான் ஆர்மில இருக்கறனுங்க்கா. ஆப்கானிஸ்தான்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மூச்சு கேட்டது.

"நீ யாரையாச்சும் சுட்டுப்போட்டியா?"

"இல்லீங்க்கா. எலியத் தவிர எதையும் கொல்லல."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். பேனாவைத் தேடும் சத்தம்தான் கேட்டது.

"இந்தத் தடவ நெசமான அட்ரஸச் சொல்லு, எழுதிக்கறேன்."

சொன்னேன். ராணுவத் தபாலுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, எண்கள்தான். எழுதி முடித்துவிட்டு, "இதுலயும் ஊரு பேரக் காணமே" என்றாள்.

ஐந்து வாரத்தில் பார்சல் வந்தது. இறுக்கி மூடிய எவர்சில்வர் தூக்கு. அதற்குள் இருபுறமும் லாமினேட் செய்த சான்றிதழ். கடிதம் எதுவும் இல்லை.

பதவிப் பிரமாணம்போல குடியுரிமைக்கும் ஓர் உறுதிமொழி உண்டு. பெரிய முகாமில், கூடாரத்துக்குள் நடந்தது. ரமோன் வரவில்லை. அவனுடைய கன்னத்தில் மணல் ஈ கடித்த ஒரு புண், ஆறாமல் ரூபாய் நாணயம் அளவுக்குப் பரவியிருந்தது. ஒரு வாரம் முன்பு அவனை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு மாதம் குண்டுகளுக்குத் தப்பியவனைக் கொசுவைவிடச் சின்ன ஓர் ஈ ஊருக்கு அனுப்பிவிட்டது. அவன் பெயரை இரண்டுமுறை கூப்பிட்டார்கள். அடுத்தது என் பெயர். கையை உயர்த்தி அமெரிக்கனானேன். அப்போதும் கணுக்காலில் அரித்துக்கொண்டிருந்தது. சான் அந்தோனியோ ராணுவ ஆஸ்பத்திரியில், அங்கே தந்த கவுனோடு நின்று உறுதிமொழி எடுத்ததாகப் பிறகு ரமோன் ஒரு மெயில் அனுப்பினான். அதன்பின் அவனுடைய நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது.

கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தை எங்களையே பிரிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு மூட்டையையும் கத்தியால் கீறி, மண்ணை மலைக்கே திருப்பிக் கொட்டினோம். சாட்டிலைட் மேப்பில் தேடிப் பார்த்திருக்கிறேன். பழுப்பு நிறம்தான் தெரிகிறது.

அடுத்தமுறை ஊருக்குப் போனபோது அக்கா என் கால்களில் இருந்த தழும்புகளைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், அவனுக்கு டெக்சாஸில் பெரிய கம்பெனி, லீவே தரமாட்டார்கள் என்று எனக்குமுன் அவளே முந்திக்கொண்டு சொல்வாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

போன வருஷம் அக்கா போய்விட்டாள். காரியத்துக்கு வந்திருந்த சித்தப்பா, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், அந்தக் காலத்தில் ரெண்டு வருஷம் ஊர்ப்பக்கமே வராமல் இருந்தாயே, அப்படி என்ன கம்பெனி என்று விசாரித்தார். பழக்கத்தில் அக்காவின் பக்கம் திரும்பப் போனேன். சமாளித்துக்கொண்டேன்.

"பெரிய கம்பெனிங்க சித்தப்பா. இப்ப மூடிப்போட்டாங்க."