அப்பாவின் நெஞ்சுப் படம்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், பழைய எக்ஸ்ரே படங்களை என்சைம் கலந்த வெந்நீரில் ஊறவைத்து வெள்ளி பிரிக்கிறோம். படத்தின் மேல் பூசிய புரதத்தை என்சைம் தின்றுவிடும். இன்று தொட்டியில் யாருடைய விலா எலும்புகளோ கரைவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவின் சுரங்க வேலைக்காக நாங்கள் பாலகாட்டில் இருந்தபோது ஒருநாள் ஜன்னல் கண்ணாடி உடைந்துபோனது. அந்த இடத்தில் ஒட்டுவதற்காக, அம்மா அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கறை போக்கும் புதுச் சோப்புத்தூளில் ஊறவைத்தாள். அதிலும் இதே என்சைம்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? எலும்பெல்லாம் போய், ஷீட் கண்ணாடி மாதிரி வந்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் பழைய படத்தைக் கேட்டார்கள். நுரையீரலில் சுரங்கத் தூசி இறங்கியிருக்குமோ என்று அப்பாவுக்கு உள்ளுக்குள் உதறல்.

"இன்னாமே, என் நெஞ்சத் தொவச்சிட்டியா?" என்று கத்தினார். ஜன்னலில் இருந்ததைப் பிய்த்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையேப்பா!"

"நீங்க சொன்னா சரி, சார்" என்று கும்பிட்டுவிட்டு அப்பா வேகமாக வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் அம்மாதான் அவரை இழுத்துப்போய்ப் புதுப் படம் எடுக்கவைத்தாள். நல்லவேளை, அதிலும் ஒன்றும் இல்லை.

"நேத்தே டாக்டர் சொல்லிட்டாரு, நீதான் நம்பல" என்றார் அப்பா.