கல் நூறு

தேனாம்பேட்டை ரொட்டிக் கிடங்கில் எனக்குக் கொடுத்த வேலை, சொல்லக் கேட்டால் சுலபம்தான். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்று பக்கமும் மறுநாளுக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்று கேட்டு, கூட்டி, அடுப்படிக்குச் சீட்டு எழுத வேண்டும். யுத்த காலம். மைதா பர்மிட்டில்தான் வரும். குறைத்து எழுதினால் கடைக்காரர்கள் கத்துவார்கள், கூட்டி எழுதினால் மாவு வீண். நடுவில் நான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

கடைகளிலிருந்து தகவல் கொண்டு வருபவர் எங்கள் மாட்டுவண்டி பாய். வீட்டில் உருது, வெளியில் மெட்ராஸ் தமிழ், என்னிடம் இரண்டும் பாதிப் பாதி. மத்தியானம் திரும்பி வந்து ஜன்னலோரம் நின்று ஒப்பிப்பார். ஒரு நாள், “அடையாறு ஹாஸ்டல், கல் நூறு” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கல் என்றால் என்ன என்று அடுப்படி மேஸ்திரியைக் கேட்டேன். உருதுவில் நேற்று என்றார். நேற்றைய சங்கதி எனக்கெதற்கு? சீட்டில் எழுதவில்லை.

மறுநாள் ஹாஸ்டல் பிள்ளைகள் வெறும் காபியோடு வகுப்புக்குப் போனார்கள். இன்னொரு தடவை தப்பு நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார் முதலாளி. மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். நாளை என்றாலும் கல்தான் என்றார் அவர், அலட்டிக்கொள்ளாமல். இரண்டுக்கும் ஒரே வார்த்தையா? முதலில் நேற்று என்று தப்பாகச் சொன்னதை மறைக்கப் புளுகுகிறார் என்றே நினைத்தேன். ஆக, கல் என்றால் நாளை. மனதில் எழுதிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து அதே ஜன்னல், அதே “கல் நூறு.” ஜம்பமாக நூறு எழுதினேன். காலையில் அடுக்கிவைத்த ரொட்டியைப் பார்த்து பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹாஸ்டலுக்கு லீவு விட்டாயிற்றாம். ‘நேற்று எடுத்த நூறோடு சரி’ என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “நேத்தும் கல்லு, நாளைக்கும் கல்லு. எப்படி பாய் நீங்கள்லாம் குழம்பாம இருக்கீங்க?”

“பேசறவன் மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிடும் நைனா. நீ பேப்பரயே பாத்துக்கினு கீறே.”

முதலாளியிடம் அவரே என்னை அழைத்துப் போனார். முதலாளிக்கும் வீட்டில் உருதுதான். எனக்காக அதிலேயே ரொம்ப நேரம் பேசினார் பாய். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

“கல்.”

என் வேலை நேற்றோடு போயிற்றா, நாளைக்கு வரச் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தேன். ஒரு எழவும் புரியவில்லை. பாயைக் கேட்கலாமென்றால், அவர் அந்த நூறு ரொட்டியை எங்காவது தள்ளிவிட வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் போய் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரப் பயம். மத்தியானம் வரை யாரும் உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. பாய் ஜன்னலுக்கு வந்தார்.

“அடையாறு,” என்று ஆரம்பித்தார்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.