பதினாறு பற்கள்

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. வேலை செய்கிற இடத்தில் அது நல்ல வியாதி இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தேன். "மொதல்ல உன் வாய்க்கு ஒரு வெல்டு வெக்கணும்டா" என்று மேஸ்திரி தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

சுரங்கத்தில் மண்ணை வெட்ட ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர எந்திரங்கள் வந்திருந்தன. சக்கரத்தைச் சுற்றி வாளிகள், வாளியின் விளிம்பில் இரும்புப் பற்கள். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் எங்கள் ஊர் மணற்பாறை அந்தப் பற்களைத் தின்று தீர்த்தது. புதுப் பல் வேண்டுமென்றால் டெல்லியில் இறக்குமதி லைசென்ஸ் வாங்கிக் கப்பலில் வரவழைக்க வேண்டும். அது வந்து சேர்வதற்குள் எந்திரம் பொக்கை வாயோடு நின்றுவிடும்.

அதனால், வந்த பல்லைப் பார்த்து அச்சு அசலாக நாமே செய்துவிடலாம் என்று எங்கள் இன்ஜினியர் கிளம்பினார். வார்த்து வரும் பல்லின் முனையில் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றுவது என் வேலை. எங்கள் பல் எட்டு, ஜெர்மன் பல் எட்டு, ஒரே சக்கரத்தில் மாட்டி ஓட்டுவது என்று ஏற்பாடு. எங்களுடையது ஈடுகொடுத்தால் வெளிநாட்டுப் பல் வாங்குவதை நிறுத்திவிட்டு, வெல்டர்களைப் பர்மனென்ட் ஆக்குவார்கள். பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ். முத்தாண்டிக்குப்பத்தில் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த என் மனைவிக்கு, திருகினால் தண்ணீர் வரும் குழாய் உள்ள வீடு. அந்த எட்டுப் பல்லில்தான் என் உயிரே இருந்தது.

எந்திரங்களோடு வந்திருந்த ஜெர்மன் ஃபிட்டருக்கு என் வயதுதான் இருக்கும். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டோம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பேர் செய்கிற வேலைக்கு உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று ஒரு நாள் கேட்டேன். ஒருவர் என்றார். அப்படியானால் மீதி ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, இந்தப் பற்களைச் செய்கிற பட்டறையில்தான் தன் அண்ணன் வேலை பார்க்கிறார் என்றார்.

"உங்க கூலி ரொம்பச் சின்னது. வேலையையும் நல்லா செஞ்சுட்டீங்கன்னா, அண்ணன் உங்களோட எப்படிப் போட்டி போடுவார்?"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் வந்து நம் பிழைப்பில் மண்ணைப் போடும் என்றுதான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஒரு நல்ல செருப்பு வாங்கவே நாலு தடவை யோசிக்கிற என்னைப் பார்த்துக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் பயப்படுவார் என்று யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிந்து பதினாறு பற்களையும் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். எங்களுடையதில் வெள்ளைப் பெயிண்ட், அவர்களுடையதில் சிவப்பு. மறுநாள் ஆயுத பூஜை. காலையில் தேய்மானத்தை அளந்துவிட்டுப் பூஜை போடலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

காலையில் போய்ப் பார்த்தால், பதினாறும் பளபளவென்று ஒரே வரிசையில் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. ஒன்றில்கூடப் பெயிண்ட் இல்லை. எங்களோடு எடுபிடி வேலை செய்த மேல்பட்டாம்பாக்கத்துக் கலாசி மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தார்.

"சாமிக்கு முன்னால அழுக்கோட வெக்க முடியுங்களா? விடியக்காத்தால வந்து தேய்ச்சிகினு கெடந்தேன், கையெல்லாம் எரியுதுங்க" என்றார் இன்ஜினியரிடம், பெருமையாக.

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் பதற்றம் இல்லை. எங்கள் எட்டுப் பற்களிலும், மண் படாத அடிப்பக்கத்தில், பஞ்ச் உளியால் குழிவாக ஒரு சின்னப் புள்ளி அடித்து வைத்திருந்தேன். நான் செய்ததில் என் அடையாளம் ஒன்று இருக்கட்டுமே என்ற அற்ப ஆசை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "உங்களால பிரிச்சுத் தர முடியுமா?" என்று இன்ஜினியர் ஜெர்மன்காரரைக் கேட்டுவிட்டார். அவரும் சரி என்றார்.

உடனே என் வியாதி தலைதூக்கியது. அண்ணன் பிழைப்பு இப்போது இவர் கையில். தேயாத பல்லாகப் பார்த்துத் தன் பக்கம் தள்ளிக்கொள்வாரா? பார்த்துவிடுவோமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஏமாற்றினால் புள்ளியைக் காட்டிக்கொள்ளலாம்.

அவர் ஒவ்வொரு பல்லாகத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். பிறகு இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்தார். பக்கத்து ஷெட்டில் பூஜை மணி அடித்தபோது அது அடங்கும்வரை காத்திருந்தார். முடிந்ததும் போய் எங்கள் குவியலைப் புரட்டினேன். எட்டிலும் புள்ளி இருந்தது. இன்ஜினியர் இரண்டு குவியலையும் அளந்தார். தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

"தேறிட்டோம்பா!" என்றார். கலாசி எல்லோர் கையிலும் பொரியை அள்ளித் திணித்தார்.

எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஜெர்மன்காரரைத் தனியே கூப்பிட்டுப் புள்ளியைக் காட்டி, தெரிந்தே சும்மா இருந்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"முதல் பல்லைத் தூக்கினப்பவே பார்த்துட்டேன்" என்றார்.

"அப்புறம் எதுக்கு அத்தனையையும் தட்டினீங்க?"

"உள்ளே விரிசல் இருக்கான்னு கேட்டேன். உங்க எட்டுல ஒண்ணுலகூட இல்லை." கையிலிருந்த பொரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னிக்கே அண்ணனுக்கு எழுதணும். வேற வேலை பார்த்துக்கச் சொல்லி."

சொன்னபடியே பர்மனென்ட் ஆக்கினார்கள், குவார்ட்டர்ஸும் கிடைத்தது. குடிபோன அன்று என் மனைவி குழாயைத் திறப்பதும் மூடுவதுமாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அந்த ஜெர்மன்காரர் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துகொண்டிருந்தார். அவர் ஊர்ப் பனியைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, ரயிலைப் பற்றியெல்லாம் கேட்டேன். அண்ணனுக்கு வேறு வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்கவில்லை.