விண்கலத்தின் இணைப்புத் துண்டு

பைக் சறுக்கி விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு வலது கை நரம்பு அடிபட்டுவிட்டது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டும் பட்டறையில் அவர் வெல்டர். விரல்களில் பிடிப்பு இல்லை. தீபாவளி வரைக்கும் வேறு ஆள் போடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை வீட்டில் சும்மா இருக்கும் மனிதரோடு மாரடிப்பது என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

விடுமுறைக்கு வந்த மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று தன் பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். விண்கலம் கட்டி மேலே அனுப்ப வேண்டும். அதில் ஒரு சின்ன இணைப்புத் துண்டு இருக்கிறது. அது எரிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை. தானாக ஒட்டாத இரண்டு பாகங்களுக்கு நடுவில் வைத்தால் இரண்டையும் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எல்லோரும் ஒன்றிரண்டு வைப்பார்களாம். இவர் மூட்டுக்கு மூட்டு வைத்தார். வைத்ததைச் சுற்றியும் வைத்தார். காட்டுத் தடத்தில் குலுங்கிப் போகிற வண்டிக்குக் கட்டிப் பழகியவர் அல்லவா? கனம் தாங்காமல் ராக்கெட் தரையிலேயே நின்று புகைந்தது.

"ஏனுங்க, மேல போற தடத்துல குண்டும் குழியுமா இருக்குது? இத்தன முட்டு எதுக்குங்க?" என்றேன்.

"உனக்குத் தெரியாது புள்ள. ஆடுச்சுன்னா உட்டுரும்."

இடது கையால் தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் அவருடைய வலது கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது யாரோ ஒருவருடைய கை மாதிரி என் மடியில் கிடந்தது. தேய்க்கத் தேய்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

பட்டறையில் பற்றவைத்து முடித்ததும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்று சத்தமே சொல்லிவிடுமாம். இங்கே எதைத் தட்டுவது?

ஒரு மத்தியானம் ராக்கெட் கிளம்பியது. நான் கை தட்டினேன். இது உடையாமல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் கையும் சரியாகிவிடும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் வேண்டினேன். நல்ல உயரத்தில் ஒரு துண்டு பிடி விட்டுவிட்டது. கலம் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த குட்டி மனிதனோடு கீழே போனது.

அவர் முகம் செத்துவிட்டது.

"பொம்மைதானுங்க. மறுபடி மொதல்ல இருந்து வாரதுக்குப் பட்டன் இருக்குதுங்களே" என்றேன்.

"ரிக்குல ஏறி நிக்கறவனுக்கு அந்தப் பட்டன் இல்ல புள்ள. அரகொறக் கைய வெச்சுட்டு நான் பத்தவெச்சா, ஒருத்தன் உழுந்துருவான்."

இடது கையால் லேப்டாப்பை மூடினார். பிறகு பட்டறைக்குப் போன் போடச் சொன்னார்.

"தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்குதுங்க."

"போடு."

போட்டு அவர் காதில் வைத்தேன். பட்டறைக்காரர் "சொல்லுங்க, கை எப்படி இருக்குது?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை என் காதுக்கு மாற்றிக்கொண்டு நான்தான் சொன்னேன்:

"வேற ஆளப் போட்டுக்குங்க அண்ணா. இவருக்கு இனிமே முடியாதுங்க."