நாலு கம்ப்யூட்டரும் ஒரு பூனையும்

பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை அடியேனின் பழைய சூட்கேஸிலிருந்து ஃபிளாப்பி ஒன்று உயிரற்ற நிலையில் மீட்கப்பட்டது. விடுமுறை கிடையாது. எல்லாரும் வேலைக்குப் போகலாம்.

லேபிள்ல என் கையெழுத்து: "பூனை".

பார்த்ததுமே மூக்குல ஏறிடுச்சு அந்த வாசனை... ஏசி குளிரும் சாக்ஸ் நாத்தமும் கலந்த எங்க காலேஜ் கம்ப்யூட்டர் லேப். பெங்களூர், தொண்ணூறுகளோட கடைசி. செருப்பை வாசல்ல கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். கோயில்ல கூட அவ்வளவு கண்டிப்பு இருக்காது. செருப்பை வச்சே உள்ள யாருன்னு சொல்லிடுவேன். பச்சை வார் போட்ட சின்ன செருப்புன்னா, ஸ்டெல்லா.

எனக்கு ஒரு வருஷம் சீனியர். சிவாஜிநகர் பக்கம் வீடு. ஜூனியர் பசங்க எல்லாம் "அக்கா, அக்கா"ம்பானுங்க. எனக்குப் பத்தொன்பது வயசு... கடைசி வரைக்கும் அந்த வார்த்தை என் வாய்ல வரல.

அவங்க ப்ராஜெக்ட் இதான். ஊர்ல இருக்கிற பஸ் ஸ்டாப் எல்லாம் புள்ளி, நடுவுல ஓடுற பஸ் எல்லாம் கோடு. எந்த ஸ்டாப்லேருந்து எந்த ஸ்டாப்புக்கும் சுருக்கமான வழி கண்டுபிடிக்கணும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அதே வேலையை நாலு கம்ப்யூட்டருக்குப் பங்கு போட்டாங்க. எது சீக்கிரம் முடிக்குதோ அது அடுத்த பங்கை எடுத்துக்கும்.

"டேய், பத்தே நிமிஷம்டா!" சேரோட ஒரு சுத்து சுத்தினாங்க.

அவங்க கைடு மட்டும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நாலு பேர் சேர்ந்து ஆறு பேர் வேலையை எப்படிம்மா செஞ்சாங்க? காரணம் சொல்லு, இல்ல தப்பைக் கண்டுபிடி. வெள்ளிக்கிழமை செமினார். ரெண்டும் இல்லன்னா ரிசல்ட்டை எடுத்துடு."

அந்த ரிசல்ட்டை நம்பித்தான் மேல ரிசர்ச் பண்ண வெளிநாட்டுக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தாங்க. முகம் சுருங்கிப் போச்சு.

அது திங்கட்கிழமை. "நான் இருக்கேன்ல"ன்னு பக்கத்து சேரை இழுத்துப் போட்டேன்.

நாலு நாள்...

அவங்க புரோகிராமை வரி வரியா படிப்பாங்க, நான் பென்சில்ல டிக் அடிப்பேன். மதியம் லெமன் ரைஸ், டிபன் மூடியில எனக்கு ஒரு பங்கு. "இதுவும் பேரலல் கம்ப்யூட்டிங்தான். ஒரு டப்பா, ரெண்டு பேர், பாதி நேரம்."

"வாயை மூடிட்டு சாப்பிடு, குட்டிச்சாத்தான்."

"மூடிட்டா எப்படிங்க சாப்பிடறது?"

ஆறு மணிக்கு அட்டெண்டர் சாவிக்கொத்தை ஆட்டிட்டே வருவார். "டைம் ஆய்து, நடீரி." டைம் ஆச்சு, கிளம்புங்கன்னு கன்னடத்துல. வெளிய வந்தா ரெண்டே ஜோடி செருப்பு. பக்கத்துப் பக்கத்துல.

வியாழக்கிழமை சாயங்காலம் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "விடுடா. ரிசல்ட்டை எடுத்துடறேன். அப்ளிகேஷனும்..." முடிக்கல.

அப்புறம் தப்பு எங்கேன்னு காட்ட நான் எடுத்துக்கிட்டது வெறும் அரை மணி நேரம்! முதல் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் ஒளிஞ்சு ஓடி, பாதி சக்தியைத் தின்னுட்டு இருந்துச்சு. அதான் தனியா ஓடும்போது அவ்வளவு நேரம். அதை நிறுத்தினா தனியா அரை மணி, நாலும் சேர்ந்தா ஒம்பது நிமிஷம். மூணு மடங்கு சொச்சம். சின்ன நம்பர்தான், ஆனா நிஜ நம்பர். கைடு தலையாட்டினார். லேபே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அவங்களுக்கு சீட் கிடைச்சு, பறந்துட்டாங்க.

இப்போ என் போன்ல எட்டு கோர், உள்ளயே எட்டு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி. அதே பஸ் வழியை விரல் எடுக்கறதுக்குள்ள காட்டுது. காத்திருக்க ஒரு நிமிஷம்கூட மிச்சம் வைக்கறதில்ல... வீட்லயே ஆபீஸ். வாசல்ல ஒரே ஜோடி செருப்பு, என்னோடது.

அப்புறம்... அந்த ஃபிளாப்பி.

ஏப்ரல் ஒண்ணாம் தேதி ஸ்க்ரீன்ல ஒரு பூனை ஓடணும்னு எழுதின குறும்பு புரோகிராம். மார்ச் முழுக்க மூச்சு விடாம "தேதி வந்துச்சா, தேதி வந்துச்சா"ன்னு கம்ப்யூட்டரையே கேட்டுட்டு இருந்திருக்கு. அந்த மெஷின்ல போட்டவன் நான்தான்.

கைடு கேள்வி கேட்ட திங்கட்கிழமையே எனக்குப் புரிஞ்சிடுச்சு.

திட்டு விழும்னு பயந்துதான் சொல்லலைன்னு இத்தனை வருஷமா எனக்கே கதை விட்டுட்டிருந்தேன். பயமெல்லாம் இல்லீங்க. பக்கத்து சேர்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு காப்பி எனக்குக் கொடுத்தாங்க. முதல் பக்கத்துல பச்சை இங்க்ல, தமிழ்ல எழுதியிருந்தாங்க:

"நாலு நாளும் பொறுமையா கூடவே இருந்து தேடின தம்பிக்கு."

பொறுமையாம்... தம்பியாம்.