அத்தான் வீட்டு விரிசல்

எங்கள் அத்தானுக்குத் தெரு வைத்த பெயர் 'விரிசல்'. அக்காவைக் கட்டிய மனிதரை இப்படிக் கூப்பிடுகிறார்களே என்று முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு பார்த்தால் அவரே போனை எடுத்து, "ஆமாங்க, விரிசல்தான் பேசறேன்" என்கிறார். அப்புறம் நான் யாருக்காகச் சண்டை போடுவது?

முன்பு அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தார். அதிவேக ரயிலின் கடைசி நிலையம் எங்கள் வட்டாரத்தில்தான் என்று முடிவானதும், முதலில் இடிபட்ட வரிசையில் அந்தக் கடையும் போயிற்று. அத்தான் இரண்டு வருஷம் வீட்டோடு இருந்தார். சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, அலமாரிகளை எல்லாம் இறக்கி ஒழுங்காக அடுக்கினார். அதற்கப்புறம் அக்கா தேடிய பொருள் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் பேச்சே குறைந்துபோயிற்று.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வேலை கொடுத்ததும் அதே ரயில்தான். நிலையத்துக்கு வரும் சுரங்கம் எங்கள் வீடுகளுக்கு முப்பது மீட்டர் கீழே போகிறது. மேலே சுவர்கள் அசைகின்றனவா என்று பார்க்க நல்ல கண்ணுள்ள ஆள் வேண்டும். சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் தகடு ஒட்டுவார்கள். இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அடித் தகட்டில் பொடிக் கட்டங்கள், மேல் தகட்டில் ஒரு சிவப்புக் குறி. சுவர் நகர்ந்தால் குறி கட்டத்தைத் தாண்டும். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய், குறி எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். நான் தையற்காரன். அரை அங்குலம் பிசகினால், 'துவைத்தால் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவருக்கோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் சோறு இறங்காது.

சுரங்கம் முடிந்ததும் அளவு பார்க்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒருவரை மட்டும் நிலையத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். யாருடைய நோட்டில் தப்பே இல்லையோ அவருக்குத்தான் அந்த இடம் என்று சுரங்க வேலையைப் பார்க்கும் என்ஜினியர் அம்மா சொல்லியிருந்தார். அத்தானுக்கு அந்த இடம் வேண்டும். மறுபடியும் அலமாரி அடுக்க அவருக்கும் தெம்பில்லை, அக்காவுக்கும் தெம்பில்லை.

வேலைக்கு மூன்று விதிகள். மணி அடித்து அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தகட்டைத் தொடக் கூடாது, வீட்டிலிருப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கடைசி வீடு அவருடையது. என் வீட்டை வேறு யாராவது பாருங்கள் என்று அவர் கேட்டதற்கு, ஆள் இல்லை, நீங்களே பாருங்கள் என்றுவிட்டார்கள்.

சரி, சொந்த வீடுதானே, போகிறபோது ஒரு பார்வை பார்த்தால் தீர்ந்தது என்று நீங்களும் நானும் நினைப்போம். அத்தான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தலைக்கவசமும் பச்சைச் சட்டையுமாகத் தன் வீட்டு வாசலில் நின்று மணி அடித்தார். அக்கா கதவைத் திறந்தாள். "சுரங்க வேலைல இருந்து வர்றோம். உள்ள வரலாங்களா?" என்று கேட்டார். எதிரே என் தையல் கடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் ஒரு காலர் கோணலாகப் போய்விட்டது. காலையில் அதே வாசலில் ஒற்றைச் செருப்பைக் காணோமென்று கத்திவிட்டுப் போன மனிதர் அவர். உள்ளே போய் அக்காவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கி, நன்றி சொல்லிவிட்டு வந்தார். வாராவாரம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வெளியே வரும்போது முகம் சுண்டிப்போயிருந்தது. மற்ற இருநூற்றுப் பதினொரு வீட்டிலும் குறி அசையவில்லை. இவர் வீட்டில் மட்டும் அரை மில்லிமீட்டர். அடுத்த வாரம் ஒன்றரை. இத்தனைக்கும் துளையிடும் இயந்திரம் இன்னும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. மூன்றைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அத்தான் வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்க ஆரம்பித்தார். கதவைச் சாத்தாதே, நாற்காலியை இழுக்காதே, தும்முவதானால் வெளியே போய்த் தும்மு என்றார். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு இருவரும் என் வீட்டுக்கே படுக்க வந்துவிட்டார்கள். எனக்கு வாய்த்த இடம் சமையலறை. அக்கா மட்டும் கவலையே படவில்லை. வீடு நல்லாத்தான் இருக்கு, இவருக்குத்தான் கிறுக்கு என்று சொல்லிக்கொண்டு பகலெல்லாம் அங்கேயே இருந்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு புள்ளி ஒன்பது. நான் சும்மா இருந்திருக்கலாம். ரெண்டுன்னு போடுங்க அத்தான், யார் வந்து பார்க்கப்போறாங்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் வீட்டிலேயே படுத்துக்கொண்டு என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் மூன்று புள்ளி இரண்டு. அத்தான் வாசலில் நின்றபடியே ஆபீசுக்குப் போன் செய்தார். கால் மணி நேரத்தில் பூமிக்கடியில் அந்த ராட்சத இயந்திரம் நின்றுவிட்டது, நூற்று நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். என்ஜினியர் அம்மா கருவிகளோடும் ஆட்களோடும் வந்து இறங்கினார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். சுவரை மேலும் கீழுமாக ஒரு மணி நேரம் அளந்தார்கள். சுவர் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

என்ஜினியர் அம்மா மேல் தகட்டை விரலால் தொட்டார். தகடு விரலோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தார். வாசனை எனக்கும் எட்டியது. என் கடைப் பசை. துணி ஒட்டுகிற பசை. அது காய்ந்தாலும் இறுகாது, வெயில் பட்டால் இளகும். அந்தச் சுவரில் சாயங்கால வெயில் நேராக விழும். செருப்பு வார் ஒட்ட வேண்டும் என்று அக்கா என்னிடம் வாங்கிப்போய் ஒரு மாசம் இருக்கும். வீடு இறங்கவில்லை. தகடுதான் தன் பாரத்தில் வாராவாரம் வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. அத்தான் ஒருமுறை விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். தொடக் கூடாது என்பது விதியாயிற்றே.

யார் இதைக் கழற்றியது என்று என்ஜினியர் அம்மா கேட்டார். அக்கா முன்னால் வந்தாள்.

"நான்தாங்க. சுவரைத் துடைச்சேன், கையோட வந்துடுச்சு. வாரத்துல அந்த ஒரு நாள்தான் இந்த மனுஷன் மணி அடிச்சு, உள்ள வரலாமான்னு என்கிட்ட கேட்பாரு. என் பேரைக் கேட்பாரு. அன்னைக்காவது வீடு சுத்தமா இருக்கட்டும்னு துடைச்சேன். சொன்னா அவர் வேலைக்கு வினையாயிடுமோன்னு பயந்து ஒட்டிட்டேன்."

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நோட்டைத் திறந்து, 'காரணம்' என்ற இடத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'வீட்டிலிருப்பவர் தகட்டைத் தவறுதலாகக் கழற்றி ஒட்டியது. அளவு பார்ப்பவர் பசையைக் கவனிக்கத் தவறியது.' இரண்டாவது வரி எதற்கு என்று நான் கண்ணால் கெஞ்சினேன். மனிதர் அதன்கீழ் கையெழுத்தும் போட்டார். போயிற்று, நிரந்தர வேலை போயிற்று என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

என்ஜினியர் அம்மா நோட்டை வாங்கிப் படித்தார். "மூணைத் தாண்டினா உங்க வீட்டையே காலி பண்ணணும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"மூணு புள்ளி ரெண்டுதாங்க இருந்துச்சு."

அவர் நோட்டை மூடி அத்தானிடம் கொடுத்தார். இருட்டுவதற்குள் இயந்திரம் மறுபடி ஓடியது, அடுத்த புதன்கிழமை எங்களுக்குக் கீழே போயிற்று. மேசைமேல் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து மூன்று பேரும் உற்றுப் பார்த்தோம். ஒரு சொட்டு ஆடவில்லை. அத்தானுக்குக் கவனக்குறைவு என்று ஒரு கடிதம் வந்தது. அதை மடித்து நோட்டுக்குள்ளேயே வைத்தார். சுரங்கம் முடிந்த மாசம் இன்னொரு கடிதம் வந்தது. அதைப் பிரிக்கக் கை வராமல் என்னிடம் கொடுத்தார். நிலையத்து வேலை அவருக்குத்தான். புதுக் கட்டடம், ஒரு விரிசல்கூட இல்லை. இல்லை என்பதை வாராவாரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

வீட்டுச் சுவரில் இருந்த தகட்டை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் அத்தான் நேராக உள்ளே போவதில்லை. சாவி பையில் இருக்க, மணி அடித்துவிட்டு நிற்கிறார். அக்கா தலையை வாரி முடிக்கும்வரை திறப்பதில்லை.

"உள்ள வரலாங்களா?" என்று கேட்கிறார். கையெழுத்து மட்டும் இப்போது வாங்குவதில்லை.