மைக் செட் பிராங்க்ளின் கேட்காமல் வாசித்த பேப்பர்

மைக் செட் பிராங்க்ளினிடம் இன்றைக்கு ஒரு நோட்டீஸைக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் பொறுமை போய்விடும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்றால் "நெசமாவே பாதி விலையா? அம்புட்டுத் துணிக்குமா?" என்பார். இழவுச் செய்தி கொண்டுவருகிறவரிடம்கூட இறந்தவரின் வயதை இரண்டு தரம் கேட்பார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள் என்று திண்டுக்கல் கடைக்காரர்கள் பாதி எரிச்சலும் பாதி சிரிப்புமாகச் சொல்வார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

முன்பெல்லாம் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதான் தொழில். இருபத்தைந்து வருஷமாக ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு அய்யலூர் ஆட்டுச் சந்தை வரைக்கும் சுற்றியவர். சர்ச் திருவிழா, தர்கா கந்தூரி, கும்பாபிஷேகம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குரல்தான். அதில் மனிதருக்கு மிதப்பும் கொஞ்சம் உண்டு. டீக்கடையில் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே இன்னொரு தரம் சொல்வார். அந்த மிதப்புதான் அவரைக் கவிழ்த்தது.

கொரோனா ஊசி வந்த புதிது. தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சடையாண்டி என்ற கட்சிக்காரர் ஒரு பேப்பரோடு வந்தார்.

"அண்ணே, இது மைக்குல வேணாம். போன்ல பேசிக் குடுங்க, வாட்ஸ்அப்புல விடணும். வேற யாரு பேசுனாலும் சனம் காதுலயே வாங்காது. ஒங்க குரல்ல வந்தாத்தான் எடுபடும்."

இந்தக் கடைசி வார்த்தை போதுமே பிராங்க்ளினுக்கு. தொப்பம்பட்டியில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பேர் படுத்த படுக்கையாகிவிட்டார்கள், சர்க்கரை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள், நம் உயிரோடு விளையாடுகிறவர்களுக்கா உங்கள் ஓட்டு என்று எழுதியிருந்தது. யார் அந்த மூன்று பேர் என்று அவர் கேட்கவில்லை. இழவுச் செய்திக்கு வைத்திருக்கும் கனத்த குரலை எடுத்து, "மூன்று பேர்" என்ற இடத்தில் நிறுத்தி, அழகாகப் பேசிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அது நாலு குரூப்பிலிருந்து அவருக்கே திரும்பி வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவருக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வீட்டில் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் சாகுல் ஹமீதும் அவர் மனைவி நர்கீஸும் குடியிருந்தார்கள். நர்கீஸுக்கு வயது நாற்பத்தாறு. சர்க்கரை இருந்தது. பிராங்க்ளின் வீட்டில் மைக்கைச் சரிபார்த்தால், "அண்ணே, செத்த நேரம் அதை அமத்துங்க, சீரியல் கேக்க மாட்டேங்குது" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போடுவாள். மே மாதம் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் இறந்துபோனாள்.

கபர்ஸ்தான் வாசலில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். பிராங்க்ளின் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஊசி போட்டிருந்தாங்களா பாய்?"

"இல்ல பிராங்க்ளின். ஸ்கூல்ல முகாம் போட்டப்ப வரிசையில நின்னா. பாதியில என்னமோ பயந்துக்கிட்டு வந்துட்டா."

போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாதுதான். அந்தச் சந்தேகத்துக்குள் ஒளிந்துகொள்ள பிராங்க்ளினும் பார்த்தார். முடியவில்லை. ஊரடங்கு தளர்ந்து பஸ் விட்டதும், வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தொப்பம்பட்டிக்குப் போனார். அந்த மூன்று பேரும் நிஜமாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனார். முன்பின் தெரியாத மூன்று பேர் படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும் என்று ஒரு மனிதன் ஆண்டவரிடம் கேட்டால், அவன் எந்த நிலையில் இருந்திருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் விசாரித்ததும், பெட்டிக்கடை வைத்திருந்த பெருமாயி என்ற அம்மாள் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, நீங்களும் அதக் கேட்டுப்போட்டுத்தான் வந்தீங்களா? இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. எங்கூருப் பேரைச் சொன்னதுனால எங்களுக்குப் பொய்யின்னு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. நாங்க எல்லாரும் போட்டுக்கிட்டோமுங்க. வெளியூர்க்காரங்கதான் பாவம்."

தன் குரலை அவள் அடையாளம் கண்டுகொள்வாளோ என்ற பயத்தில் பிராங்க்ளின் அதற்குமேல் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினார். திண்டுக்கல்லில் இறங்கியவர் தன் வீட்டுக்குப் போகவில்லை, சாகுல் வீட்டுக்குப் போனார். இதைச் சொல்லாமல் இனி அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாய், வாட்ஸ்அப்புல சுத்துச்சே, ஊசியைப் பத்தி. அதைப் பேசுனது நாந்தான். கட்சிக்காரன் பேப்பரக் குடுத்தான், நான் வாசிச்சுட்டேன். அம்புட்டும் பொய்யி. விசாரிச்சுட்டுத்தான் வாரேன்."

சாகுல் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும். ஒங்க குரல் எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கபர்ஸ்தான்ல வச்சு அதைச் சொல்ல மனசு வரல."

எழுந்து உள்ளே போய் நர்கீஸின் போனை எடுத்து வந்தார். அவள் தன் அக்காள்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அதில் இருந்தது. அழுத்தினார்.

"யாரும் ஊசி போட்டுக்காதீங்கக்கா. பிராங்க்ளின் அண்ணனே பேசியிருக்காரு. எங்க பக்கத்து வீடுதான். பொய் சொல்ற ஆளு கெடையாது."

"அழிச்சிருங்க பாய். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று பிராங்க்ளின் கெஞ்சினார்.

"எப்படி அழிக்கச் சொல்றீங்க? போட்டோ நெறைய இருக்கு. அவ பேசுனது இது ஒண்ணுதான் இருக்கு. அவ குரலைக் கேக்கணும்னா நான் இதைத்தான் போட்டுக் கேக்கணும்."

சொல்லிவிட்டு சாகுல் மறுபடியும் அழுத்தினார்.